கோழிக்கொட்டகையில் கேட்ட உன் குழல்

அம்மிணி,

ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்னார்களே, அதற்கு அடுத்த கோடை. மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றி, பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடந்த நந்தி வெளியே வந்துவிட்டது என்று சனம் வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வருஷம். நம் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. ஊரில் போர்க்குழாய் இறக்குகிற வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஓய்வில்லை. எனக்கு வருஷத்தை நம்பர் போட்டுச் சொல்லத் தெரியாது. ஆனால் எதற்கு முன்னால் எது நடந்தது, யார் எங்கே நின்றார்கள், என்ன பேசினார்கள் என்பது மறக்காது. அந்தக் கோடையில்தான் உன் சிடி தபாலில் வந்தது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பக்கத்துத் தோட்டத்துச் சரசு டீச்சர். இது உனக்கு மட்டும் வருகிற கடிதம் இல்லை. நம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் மாதாமாதம் போடுகிற புத்தகத்திலும் இதை அச்சடிக்கக் கொடுக்கப் போகிறேன். "ஏனுங்கண்ணா, ஊட்டு விசயத்த எதுக்குங்க ஊருக்குச் சொல்லோணும்?" என்று டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். காரணம் இருக்கிறது. நான் பல வருஷமாக ஊர் சிரிக்கச் சொல்லிவந்த கதை ஒன்று இருக்கிறது. தீவனக் கடையில், டீக்கடையில், பண்ணைக்காரர்கள் கூட்டத்தில், கல்யாணப் பந்தியில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேர் நடுவில் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்தினால் அது என்ன நியாயம்?

கதை உனக்கே மனப்பாடம். 'என்ற பொண்ணு சீமையில பெரிய பேண்டுல ஊதறாளுங்க. அவ ஊதுன சிடிய அனுப்புனா. குஞ்சுக் கொட்டாயில போட்டு உட்டேன். கேட்ட மாத்திரத்துல அத்தனையும் மூலையில குமிஞ்சு உசுர உட்டுருச்சுங்க. கோழியே தாங்குல, மனுசன் தாங்குவானா?' இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதலில் சொன்னபோது செத்தது கொஞ்சம் குஞ்சுகள்தான். பிறகு நூறு என்றேன். அப்புறம் முந்நூறு. அன்றைக்கு ஒரே நாளில் செத்த குஞ்சுகள், என் வாயில் வருஷா வருஷம் செத்துக்கொண்டே இருந்தன.

நடந்தது இதுதான், கேள்.

உன் சிடி வந்த உறையைப் பிரித்து உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். அட்டையில் ஒரு பெண் கையை விரித்து ஆடுகிற படம். எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. உன் மாமன் வந்திருந்தார், பண்ணையில் அவருக்குப் பாதிப் பங்கு இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். அவர்தான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுத்துக் கூட்டினார். "ஆர்க்கெஸ்ட்ராங்குது, டான்ஸுங்குது. என்ன மாப்ள, நம்ம பொண்ணு ரெக்கார்டு டான்ஸுக்கா வாசிக்குது?" என்று கேட்டுவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். உன் அம்மா, "அண்ணா, வாய மூடு. நீ எதைக் கண்ட?" என்றாள். நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாக்காரர் ஒருவர் மேடை ஆட்டத்துக்காகக் கட்டிய இசை என்றும், முதல் நாள் அதைக் கேட்ட சனமே பொறுக்காமல் கூச்சல் போட்டது என்றும், இப்போது உலகம் பூராவும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றும் நீ போனில் சொல்லியிருந்தாய். அதெல்லாம் என் தலையில் ஏறவில்லை. மாமன் சிரித்த சிரிப்புத்தான் ஏறியது.

உண்மையைச் சொல்கிறேன். நீ சேலத்துப் பள்ளிக்கூடத்தில் அணிவகுப்புக்கு ஊத ஆரம்பித்தபோதே எனக்கு அது பிடிக்கவில்லை. நம் ஊரில் குழல் ஊதுகிறவர்களை நல்லதுக்கும் கெட்டதுக்கும் கூப்பிடுவோம். வாசலோடு நிறுத்துவோம். பந்தியெல்லாம் முடிந்த பிறகு சோறு போடுவோம். அந்தச் சோற்றை நானே என் கையால் போட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட வேலையை என் மகள் சென்னைக்குப் போய்ப் படித்து, கப்பலேறிப் போய்ப் படித்து, சம்பளம் வாங்கிச் செய்கிறாள் என்பதை நான்கு பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக் கூசியது. உன் ஆளுயர மரக் குழலை நீ படத்தில் காட்டியபோது, "பாரமா இருக்குமே சாமி" என்று மட்டும் சொன்னேன். உனக்கு நான் கரிசனமாகக் கேட்டதாகத் தோன்றியிருக்கும். நான் பேச்சை மாற்றினேன்.

நம்மிடம் சிடி போடுகிற பெட்டி, குஞ்சுக் கொட்டகையில் தொங்கிய அந்த ரேடியோப் பெட்டி ஒன்றுதான். அது எதற்கு அங்கே தொங்கியது என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சத்தத்துக்குப் பழகாத குஞ்சு, தகரத்தில் ஓர் ஓணான் ஓடினாலும் மிரளும். மிரண்டால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால்தான் விடிந்ததிலிருந்து ரேடியோவைப் பாடவிட்டுப் பழக்குவோம். ஆனால் சத்தம் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் தொடக் கூடாது. வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடமே அதுதான்.

அன்றைக்குக் காலையில் கொட்டகைக்குள் நாங்கள் ஐந்து பேர். நான், உன் அம்மா, மாமன், நம் பண்ணையிலேயே குடியிருந்து வேலை பார்த்த ரங்கன், ரங்கன் சம்சாரம். உன் அம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "கோழிக்கொட்டாயிக்கு எதுக்கு இந்தச் சேலை?" என்று கேட்டேன். "புள்ள வாசிக்கறதக் கேக்கப் போறேனுங்க, கோழி பாக்கவா போறேன்?" என்றாள். உமிமேல் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். நான் ரேடியோவை நிறுத்திவிட்டு உன் சிடியைப் போட்டேன்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் தனியாக ஒரு குழல். வேறு எதுவும் கூட இல்லை. மேலே, ரொம்ப மேலே, தொண்டை கட்டிய ஒருத்தி விடியற்காலையில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அது தொடங்குவதற்கு முன்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. உன் அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏனுங்க, அது நம்ம புள்ள மூச்சுங்க" என்றாள். சின்ன வயதில் உனக்கு இளைப்பு வந்து, உன்னை மார்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுக்குத் தெரியாதா? கண்ணில் தண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை. குஞ்சுகள் அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. மாமன்கூட வாயைத் திறக்கவில்லை. அம்மிணி, அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் இல்லை. அதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளை ஊதுகிறது என்று நெஞ்சு நிறைந்து நின்றேன்.

பிறகு மற்றக் குழல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பறவைக் கூட்டம் மரத்தில் இறங்குவது போல. உன் குழல் அதற்குள் மறைந்துவிட்டது. "நம்ம புள்ளயக் காணோமுங்களே" என்றாள் உன் அம்மா. தேர்க்கூட்டத்தில் உன்னைத் தொலைத்தவள் போலப் பதறிக் கேட்டாள். நான் எழுந்து போய்த் திருகைத் திருப்பினேன். சத்தத்தைக் கூட்டினால் நீ தெரிவாய் என்று நினைத்தேன். நீ தெரியவில்லை. இன்னும் திருப்பினேன். கடைசிவரை திருப்பிவிட்டேன். அப்போதுதான் அந்த மிதி ஆரம்பித்தது. அத்தனை வாத்தியமும் சேர்ந்து நிலத்தை மிதிக்கிற மாதிரி, எந்தப் பக்கம் அடி விழும் என்று தெரியாதபடி. தகரம் அதிர்ந்தது. குஞ்சுகள் ஒரே அலையாக மேற்கு மூலைக்கு ஓடின.

ரங்கனும் அவன் சம்சாரமும் ஓடிப் போய் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி இந்தப் பக்கம் போட்டார்கள். உன் அம்மாவும் அந்த நல்ல சேலையோடு உமியில் மண்டி போட்டாள். நான் பதற்றத்தில் பெட்டியை நிறுத்தத் தெரியாமல் ஒயரைப் பிடுங்கினேன். எல்லாம் அடங்கியபோது அடியில் கிடந்தவை செத்திருந்தன. ஒரு கூடைகூட நிறையவில்லை, அவ்வளவுதான். "யார்றா சவுண்ட ஏத்துனது?" என்று மாமன் கத்தினார். அவர் அப்போது வாசற்படியில் போன் பேசிக்கொண்டு நின்றார், பார்க்கவில்லை. பாதிப் பங்குக்காரர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் திருகைத் தொடாதே என்று பாடம் சொல்கிறவன் நான். "இந்தப் புள்ளதான் திருப்பிப்போட்டுது" என்று ரங்கன் சம்சாரத்தைக் காட்டினேன். அவள் கையில் ஒரு குஞ்சு இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாமன் அவளைக் கேட்ட கேள்வியை டீச்சரிடம் சொல்லி எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சூட்டோடுதான் உனக்குப் போன் போட்டேன். உன் அம்மா, "என்ற கிட்டக் குடுங்க, நான் பேசறேன்" என்று கை நீட்டினாள். கொடுக்கவில்லை. "உன்ற பாட்டு என்ற குஞ்சையெல்லாம் கொன்னு போட்டுது" என்றேன். நீ, "எந்த எடத்துலங்கப்பா?" என்று கேட்டாய். எனக்கு அது திமிராகப் பட்டது. "எல்லா எடத்துலயுந்தான்!" என்று வைத்துவிட்டேன். நீ என்ன கேட்டாய் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. ஆரம்பத்தில் நீ தனியாக வாசித்ததை நாங்கள் கேட்டோமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டோம் சாமி. முழுவதும் கேட்டோம். உன் அம்மா அழுதாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

சிடியை என்ன செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. மக்காச்சோளத்துக்குக் கிளி வராமல் இருக்கப் பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம் இல்லையா, அதோடு அதையும் கட்டிவிட்டேன். கோபம் தணிந்து ஒரு மாதம் கழித்து, உன் அம்மா, "மறுக்கா ஒருக்கா கேக்கலாமுங்க, மெதுவா வெச்சு" என்றாள். எங்கே இருக்கிறது என்று சொன்னேன். வெயிலில் மக்காச்சோளக் காட்டுக்குப் போனாள். எது உன்னுடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாமே ஒரே மாதிரி பளபளத்தன. கட்டியிருந்த அத்தனையையும் அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு வந்து, முந்தானையால் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றில் மருந்துக் கம்பெனி விளம்பரம். ஒன்றில் ஐயப்பன் பாட்டு. ஒன்று பாடவே இல்லை, டிக் டிக்கென்று மட்டும் கேட்டது. "இதாத்தான் இருக்கோணும்" என்று சொல்லி அதைத் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மன்னிப்பு வார்த்தை சொல்வதற்குள் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அல்லது அவள் போகட்டும் என்று நான்தான் காத்திருந்தேனோ என்னவோ.

அதற்கப்புறமும் நான் நிறுத்தவில்லை. 'உம் பொண்ணு என்ன வேலைங்க?' என்று யாராவது கேட்டால் எனக்கு உடம்பு கூசும். அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே குஞ்சுக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். அப்படிச் செய்தால் அவர்கள் சிரிப்பது என்னைப் பார்த்து இல்லை, உன்னைப் பார்த்து. இது எனக்குச் சௌகரியமாக இருந்தது. யாராவது துருவிக் கேட்டால், திருகைத் திருப்பிய ஆள் 'ஒரு வேலைக்காரி'. பெயர்கூட வைக்கவில்லை.

உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாகரிகமான சனம். உன் மாமனார் மரியாதையாகத்தான் கேட்டார், "உங்க பொண்ணு வாசிச்சு நீங்க நேர்ல கேட்டிருக்கீங்களா?" என்று. நான் ஆரம்பித்துவிட்டேன். முந்நூறு குஞ்சு என்று சொன்னபோது, பின்னாலிருந்து உன் குரல் கேட்டது: "முந்நூறுங்களாப்பா? போன தடவ நூறுன்னுதானுங்களே சொன்னீங்க?" மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு நீயும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாய். நீ கோபப்பட்டிருந்தால் நான் மறுபடி எகிறியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு உன் குழலைப் பற்றி என்னிடம் ஒரு பேச்சும் பேசியதில்லை. கோழி விலை கேட்பாய், மழை கேட்பாய், மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்பாய். சாயங்காலம் மண்டபத்தில் உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொருக்கா அந்தக் கதைய என்ற காதுபடச் சொல்லிப் பாருங்க, அப்பறம் இருக்குது" என்றாள். அதிலிருந்து அவள் காதுக்கு எட்டாத இடமாகப் பார்த்துச் சொன்னேன். அவள் போய்ச் சேர்ந்து, முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகு, எந்த இடத்தில் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆனபோது, எனக்குச் சொல்ல வரவில்லை.

உனக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். அதனால் ஒன்று சொல்கிறேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாவிட்டாலும். அவள் எதையாவது செய்து உன்னிடம் நீட்டினால், உனக்கு விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லிவிடு. சிரிக்க மட்டும் செய்யாதே. தெரியாது என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை, எழுத்துத் தெரியாமல் இத்தனை காலம் பண்ணை நடத்தியவன் சொல்கிறேன். தெரியாததை மறைக்கப் போய்த்தான் நான் இத்தனையும் செய்தேன்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். மாப்பிள்ளை போன் செய்தார். அதே இசையை வாசிக்க உன் ஆட்களோடு நீ சென்னைக்கு வருகிறாயாம். ஆரம்பத்தில் தனியாக வாசிப்பது நீதானாம். "அப்பாகிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கா மாமா, நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க" என்றார். அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், அவரைத் திட்டாதே. எனக்கு வலது காது போய்விட்டது. தீவன மில் சத்தத்திலேயே இருந்த காது. இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். காதில் மிசின் வைத்தால் பேச்சு கேட்கும், பாட்டு பழையபடி கேட்காது என்கிறார். இப்போது கேட்டால்தான் உண்டு. நான் வரட்டுமா?

இதையெல்லாம் சொல்லாமல், நீ வாசிப்பதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் போன வாரம் பஸ் ஏறிக் குமாரபாளையத்துக்குப் போனேன். ரங்கன் செத்த பிறகு அவன் சம்சாரம் அங்கே மகள் வீட்டில் இருந்துகொண்டு தறிப்பட்டறைக்கு நூல் சுற்றுகிறது. தறிச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை, வெளியே கூட்டி வந்தேன். நான் திக்கித் திணறிச் சொல்வதைக் கேட்டுவிட்டு, "நீங்கதானுங்களே திருப்புனீங்க. புள்ளயக் காணோமுன்னு அம்மா சொன்னாங்க, நீங்க தேடுனீங்க. நான் பக்கத்துலதான நின்னேன்" என்றது. அதில் கோபம் தெரியவில்லை. அதற்கப்புறம் சொன்னதுதான். "நான் திருப்புனேன்னு நீங்க சொன்ன அன்னைக்கு எங்கூட்டுக்காரரு சோறு திங்குல சாமி. 'நீ தொட்டியா, தொட்டியா'ன்னு என்னையே கேட்டாரு. நான் தொடுலீன்னா மொதலாளி பொய் சொல்றாருன்னு ஆகுதல்ல, அதுனால கடைசிமுட்டும் அவருக்கு என்ற மேலதான் சந்தேகம்." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அது கையைத் தட்டிவிட்டு, "என்ற கிட்டச் சொல்லி என்னுங்க ஆவுது? புள்ளகிட்டச் சொல்லுங்க. அம்மா அழுதாங்கன்னு சொல்லுங்க. எனக்கு அந்த மொதக் கொழலு இன்னும் காதுல இருக்குது" என்றது. உள்ளே தறி கூப்பிட்டது, போய்விட்டது.

அதனால் எனக்கு ஓர் இடம் போதாது அம்மிணி, இரண்டு வேண்டும். நீ வேண்டாம் என்று சொன்னால் என்னை விட்டுவிடு, அந்த இன்னோர் இடத்தை மட்டும் போடு. முன்வரிசையில் போடு. வாசலோடு நிறுத்துகிற புத்தி என்னோடு ஒழியட்டும். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உன் மூச்சைக் கேட்டவர்களில் உன் அம்மா போய்விட்டாள், மாமன் போய்விட்டார், ரங்கனும் போய்விட்டான். நான் இருக்கிறேன் என்றாலும், இத்தனை பொய் சொன்னவன் சாட்சியாக மாட்டேன். நடந்ததை நடந்தபடி பார்த்து, இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஓர் ஆள். நான் எழுதச் சொன்னதில் உனக்குச் சந்தேகம் இருந்தால் அவரையே கேள். பெயர் பாவாயி.